தாய் இழைப்புளி

ஓட்டுநர் விழுந்து கிடந்த இடத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். சிமெண்டுத் தரையில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"துடைச்சது நான்தான்," என்றார் அவருடைய மனைவி. தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது, கழற்ற மறந்திருந்தார். "போலீஸ் வந்து பார்த்துட்டு, அலமாரி சாய்ஞ்சு விழுந்திருக்கு, விபத்துனு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அதை எவ்வளவு நேரம் பார்த்துட்டே நிக்கிறது?"

அண்ணி தலையசைத்தார். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துகளை விசாரித்தே பாதித் தலை நரைத்தவர். எது விபத்து, எது விபத்தின் வேஷம் என்று மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். உதவியாளனாகக் கூடவே அலையும் கொழுந்தன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது இன்ஸ்பெக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணிதான். கொழுந்தனுக்கும் ஒரு பெயர் இருந்தது. அவன் அடிக்கிற ஜோக்குகளைக் கேட்டு நொந்துபோன நண்பர்கள் 'அறுவை' என்று வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

"மரவேலைக் கொட்டகைக்கு வந்திருக்கேன், என் பேருக்கு ஏத்த இடம்," என்று சுற்றிலும் பார்த்தான் அறுவை. "இத்தனை ரம்பம் இருக்கு, ஒண்ணுகூட என் அளவுக்கு அறுக்காது."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டகை அது. பஸ் ஓட்டுகிற வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஓட்டுநர் இங்கேதான் இருப்பாராம். மரச்சாமான் செய்வதைவிட, மரச்சாமான் செய்யும் கருவிகளைச் செய்வதில்தான் அவருக்கு மோகம். டிப்போவில் கழித்துப் போட்ட பட்டை ஸ்பிரிங்கைக் காய்ச்சி அடித்து உளியாக்கியிருந்தார். தேய்ந்த அரம் ஒன்று தீட்டப்பட்டுச் சுரண்டும் கத்தியாகியிருந்தது. ஒடிந்த ரம்பத்தின் நல்ல பாதிக்குப் புதுப் பிடி போட்டிருந்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி அவர் வலது மணிக்கட்டு நேராகத் திரும்பாதாம். அதனால் எல்லாப் பிடிகளும் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. அந்தக் கருவிகளை வேறு யார் எடுத்தாலும் கை கோணிக்கொள்ளும்.

விழுந்த அலமாரி இன்னும் தரையில் குப்புறக் கிடந்தது. அண்ணி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"அலமாரி தானா சாய்ஞ்சா மேல் தட்டுச் சாமான் தூரமா தெறிக்கும். இங்க மேல் தட்டு டப்பா எல்லாம் அலமாரிக்கு அடியிலேயே கும்பலா இருக்கு. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுனு யாரோ பிடிச்சு மெதுவா இறக்கியிருக்காங்க."

தையல்காரி கண்ணை மூடித் திறந்தார். "எனக்கும் மனசு சொல்லுச்சு. வேற ஒண்ணும் இருக்கு. அவரு ஒரு வாரமா ஒரே ஒரு இழைப்புளியைத்தான் செஞ்சுட்டிருந்தாரு. யாரோ கேட்டாங்கனு. அது காணோம். அதால சீவிப் பார்த்த மரத்துண்டையும் காணோம்."

"யார் கேட்டாங்க?"

"சொல்லலை. ஆனா அன்னிக்குச் சாப்பிடறப்போ ஒரு மாதிரியா இருந்தாரு. 'அந்த ஆள் பழம் அடைக்கிற மட்டமான பொட்டி மரத்தைக் கொண்டாந்து காட்டறான், அதுல போய் இந்த வேலையைச் செய்யலாமா, நானே நேர்ல வந்து மாட்டித் தர்றேன்னு சொல்லப் போறேன்'னார். சாயங்காலம் கொட்டகைக்குப் போனவரு..." அவர் வெளுத்த தரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஓட்டுநர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

அண்ணி வேலை மேஜைக்கடியில் குனிந்தார். சுருள் சுருளான மரச்சீவலுக்குள் கையை விட்டு ஒரு கட்டையை எடுத்தார். அதுவும் இழைப்புளிதான். ஆனால் அவசரத்தில் செய்தது போல, மெருகு இல்லாமல், பிடிகூட இல்லாமல் இருந்தது. திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் தட்டையாக இல்லை. ஒரு பெரிய மேடு, ஒரு பள்ளம், அப்புறம் ஒரு குட்டி மேடு.

"இதுக்கு என்ன அண்ணி, வயித்துல கட்டியா?" என்றான் அறுவை.

"அதைத் தாய்னு சொல்வாரு," என்றார் தையல்காரி. "ஏன்னு நான் கேட்டதில்லை."

அண்ணியின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "தாயேதான். காணாமப் போன இழைப்புளியோட அடிப்பக்கம் வளைவு வளைவா இருந்திருக்கும். அந்த வளைவைக் கையால செதுக்கினா ஒழுங்கா வராது. அதனால முதல்ல நேர்மாறா ஒண்ணைச் செஞ்சு, அதால சீவி அதைப் பெத்தெடுத்திருக்காரு. தாய்க்கு மேடு இருக்கிற இடத்துல மகளுக்குப் பள்ளம். மகளுக்குப் பள்ளம் இருக்கிற இடத்துல, அவ சீவுற மரத்துக்கு மறுபடி மேடு."

அறுவை விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "அப்போ மகள் தாய் மாதிரி இல்லை. பேத்திதான் பாட்டியை உரிச்சு வெச்சிருக்கா."

"அதேதான். இதோட அடிப்பக்கம் எப்படி இருக்கோ, அப்படியேதான் அந்த ஆள் செய்யப்போற மரமும் இருக்கும். அவன் மகளைத் தூக்கிட்டுப் போனான். பேத்தியையும் தூக்கிட்டுப் போனான். தாயை வெறும் கட்டைனு நினைச்சு விட்டுட்டான்."

"எல்லாக் கல்யாணத்துலயும் நடக்கறதுதானே அண்ணி. மாமியாரை எவன் கூட்டிட்டுப் போறான்?"

தையல்காரியின் உதட்டோரம் ஒரு கணம் நெளிந்தது. மூன்று நாளில் அதுதான் அவருடைய முதல் சிரிப்பாக இருக்கும். அடுத்த கணமே அதற்காக வெட்கப்பட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணியின் கட்டைவிரல் அந்தப் பெரிய மேட்டின் மேல் முன்னும் பின்னும் போய்வந்தது. ஓரிடத்தில் நின்றது. ஜன்னலுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்துப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சாய்த்தார். அப்போதுதான் மேட்டின் பக்கவாட்டில், நீளம் முழுக்க, தலைமயிர் அளவுக்கு ஒரு வரம்பு ஓடுவது தெரிந்தது.

"இது அவரோட கை பிசகா?"

"அவருக்குப் பிசகினா அதை அடுப்புல போட்டுட்டு மறுபடி செய்வாரு," என்றார் தையல்காரி.

"அப்போ வேணும்னே செஞ்சது. எந்தக் காலத்துலயோ ஒரு தச்சர் வாய் போன இழைப்புளியால ஒரு மரத்தை இழைச்சிருக்காரு. பல்லுப் போன இடம் மரம் முழுக்கக் கோடா விழுந்திருக்கு. அந்தக் கோட்டையும் சேர்த்துக் காப்பியடிச்சுத் தரச் சொல்லி ஒருத்தன் கேட்டிருக்கான்." அண்ணி நிமிர்ந்தார். "பழுது பாக்கிறவன் பழுதைச் சரி பண்ணுவான். அதைக் காப்பியடிக்கிறவன் யாரு?"

"திருடன்," என்றான் அறுவை. "படம் மாட்டுற பழைய சட்டமா இருக்குமோ? சட்டத்தை மாத்திட்டு ஒரிஜினலை விக்கிறதுக்கு?"

"பிடிச்சுப் பாரு."

அறுவை வாங்கிப் பிடித்தான். உள்ளங்கை மேட்டின் மேல் உட்கார்ந்தது. விரல்கள் தாமாகவே பள்ளத்துக்குள் மடங்கின. பிடித்த பிடியில் அவனுடைய வலது கால் தன்னையறியாமல் ஒரு படி ஏறுவதுபோல் உயர்ந்தது.

"மாடிப்படிக் கைப்பிடி," என்றான்.

"பாதிக் கைப்பிடி. திருப்பிப் போட்டு இழைச்சா மறுபாதி. சரி, இந்தக் கோடு உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"நீங்க காட்டினதுக்கு அப்புறமும் தெரியலை."

"கண்ணை ஏமாத்த இந்தக் கோடே தேவையில்லை. சாயம் ஒத்துப்போனா போதும். அப்புறம் எதுக்காக ஒருத்தன் ஒரு வாரம் காத்திருந்து, இதை வரவெச்சான்?"

தகரக் கூரைமேல் ஏதோ ஒரு பறவை நடக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"விரலை ஏமாத்த," என்றார் தையல்காரி மெதுவாக. துணியின் நெசவை இருட்டிலும் தடவிச் சொல்கிற கை அவருடையது.

"ஆமா. கண் தெரியாத ஒருத்தரை. தினமும் அந்தக் கோட்டைத் தடவிக்கிட்டே நடக்கிற ஒருத்தரை. அவங்களுக்குத் தெரியாம கைப்பிடியில ஒரு துண்டை மாத்தணும். பொட்டி மரத்தால." அண்ணி அறுவையைப் பார்த்தார். "எதுக்கு?"

அறுவை இந்த முறை ஜோக் அடிக்கவில்லை. "சாய்ஞ்சா உடையறதுக்கு."

தையல்காரி கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி, கையில் இறுக்கிச் சுற்றினார். "அவரு கண் முழிச்சதும் முதல்ல என்ன கேப்பாருனு எனக்குத் தெரியும். அந்த இழைப்புளி எங்கனுதான் கேப்பாரு. அவரு செஞ்ச சாமானால ஒரு உசுரு போச்சுன்னா நான் என்னங்க பதில் சொல்றது?"

"அது நடக்காம பாத்துக்கலாம்," என்றார் அண்ணி. வாக்குறுதி மாதிரி ஒலித்தாலும் அவருடைய கண் மேஜைமேல் இருந்தது. ஒரு கைப்பிடித் துண்டை இழைக்க அரை நாள் போதும். இழைப்புளி போய் மூன்று நாள் ஆகிறது. இந்நேரம் அது மாட்டப்பட்டிருக்கும்.

*

"ஊர்ல இருக்கிற மாடிப்படியை எல்லாம் தடவிப் பார்த்தா, கொலைகாரன் கிடைக்கிறதுக்குள்ள தர்ம அடி கிடைச்சிடும்," என்றான் அறுவை, துணியில் மூட்டையாகக் கட்டிய தாய்க் கட்டையை மடியில் வைத்தபடி, ஸ்கூட்டரைக் கிளப்பாமலேயே.

"தடவ வேண்டாம். பார்வை இல்லாதவங்களுக்குக் கேட்கிற புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற நூலகம் ஒண்ணு இருக்கே. உன்னோட படிச்சவன் ஒருத்தன் அங்கதானே டெலிவரி?"

"படிச்சவன்னு சொல்லாதீங்க, கூட உட்கார்ந்திருந்தவன்." அறுவை போனை எடுத்தான். பேசினான், கேட்டான், தலையாட்டினான், நடுவில் ஒருமுறை சிரித்தான். அண்ணி கைப்பையைத் திறந்து திறந்து மூடினார்.

"அவன் போற வீடு பூராவும் தரைத்தளமாம், ரெண்டைத் தவிர. ஒண்ணுல இரும்புக் கைப்பிடி. இன்னொண்ணு பழைய வீடு, மரக் கைப்பிடி. முன்னாடி ரேடியோவுல செய்தி வாசிச்ச அம்மாவாம். கல்யாணம் பண்ணிக்கலை. தம்பி மட்டும் கூட இருக்காராம். ரொம்பத் தங்கமான தம்பியாம், அக்கா கையைப் பிடிச்சுத்தான் எங்கயும் கூட்டிட்டுப் போவாராம்."

"தம்பிக்கு என்ன தொழில்?"

"கேக்கலையே."

"ஓட்டு."

வழியெல்லாம் அறுவை வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் வண்டி ஓட்டினால் நிலைமை மோசம் என்று அண்ணிக்குத் தெரியும்.

உயரமான சுவரும் குறுகிய வாசலுமாக வீடு சந்தின் கடைசியில் நின்றது. கதவருகே வெள்ளைப் பித்தான் ஒன்று இருந்தது. அறுவை இறங்கின வேகத்தில் அதை அழுத்தினான். உள்ளே எங்கோ ஆழத்தில் மணி அடித்தது.

"அவன் ஒண்ணு சொன்னான் அண்ணி, சிரிப்பு வந்துச்சு. இந்த வீட்டுல மணி அடிச்சா கதவு அப்புறம்தான் திறக்குமாம். அதுக்கு முன்னாடி அந்த அம்மா மாடி வராந்தாவுக்கு வந்து, கைப்பிடிமேல நல்லா சாய்ஞ்சுக்கிட்டு, 'யாரது'னு செய்தி வாசிக்கிற குரல்ல கேப்பாங்களாம். ஒரு நாள் தவறாது, எப்பவும் ஒரே இடத்துல நின்னு..."

சொல்லிக்கொண்டிருந்தவனின் குரல் அங்கேயே அறுந்தது. கை பித்தானை விட்டு விலகி அந்தரத்தில் நின்றது.

"கதவைத் தட்டு," என்றார் அண்ணி. "ஓங்கித் தட்டு."

தட்டத் தேவைப்படவில்லை. கதவு திறந்தது. ஐம்பதை ஒட்டிய, சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்ட மனிதர் நின்றார். முகத்தில் இதமான சிரிப்பு. நகக்கண்களில் மட்டும் பழுப்பு நிற வார்னிஷ்.

"நூலகத்துலேர்ந்து வர்றோம்," என்றார் அண்ணி. "அம்மாவைப் பார்க்கணும்."

"அப்படியா, வாங்க வாங்க. அக்கா கேட்டா சந்தோஷப்படுவாங்க."

உள்ளே உயரமான கூடம். கறுப்பும் வெள்ளையுமாகக் கல் தரை. ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் படிகள் ஏறி மாடி வராந்தாவில் முடிந்தன. அண்ணாந்தால் வராந்தாவின் விளிம்பு முழுக்க, நேர் தலைக்குமேல், கருத்துப் பளபளக்கும் மரக் கைப்பிடி. எந்த இடத்திலும் ஒட்டோ வேறுபாடோ தெரியவில்லை.

"கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லுங்க," என்று அறுவையின் முழங்கையைப் பிடித்து நகர்த்தினார் அந்த மனிதர். "இங்க நின்னா அக்கா வர்றது நல்லாத் தெரியும்."

அண்ணி மறுபடி அண்ணாந்து பார்த்தார். அறுவை முதலில் நின்றிருந்த இடம் வராந்தாவுக்கு நேர் கீழே. அங்கே இப்போது வெறும் கல் தரை மட்டும் இருந்தது.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. இந்தப் பொறி அக்கா தனியாக இருக்கும்போது வேலை செய்யக் கூடாது. அப்படி நடந்தால் முதல் சந்தேகம் தம்பிமேல்தான் விழும். வெளியாள் யாராவது வர வேண்டும். மணி அடிக்க வேண்டும். தம்பி கீழே, விருந்தாளிகளோடு, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 'நாங்க பக்கத்துலயே இருந்தோங்க, அவர் மாடிக்கே போகலை' என்று போலீசிடம் சொல்ல இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் வந்தாயிற்று.

"அக்கா," என்று உரக்கக் குரல் கொடுத்தார் தம்பி. "உங்களைப் பார்க்க வந்திருக்காங்க. இப்படி வந்து ஒரு வார்த்தை பேசுங்க."

மாடியில் ஒரு கதவு கிறீச்சிட்டது. வெறுங்காலின் ஓசை நெருங்கியது.

"அம்மா, வர வேண்டாம்," என்றார் அண்ணி. "அங்கேயே நில்லுங்க. கைப்பிடியைத் தொடாதீங்க."

"அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றார் தம்பி. சிரிப்பு மாறவில்லை. "எதுக்குங்க அப்படிச் சொல்றீங்க, பயந்துடப் போறாங்க."

அறுவை படிகளை நோக்கிப் பாய்ந்தான். தம்பி ஒரு எட்டில் குறுக்கே வந்து நின்றார். "வீட்டுக்குள்ள ஓடக் கூடாதுங்க. அக்காவுக்குப் பிடிக்காது."

மேலே அந்த அம்மா தெரிந்தார். வெள்ளை முடி, நிமிர்ந்த கழுத்து. கையை முன்னால் நீட்டியபடி வந்தார். கைப்பிடியை நெருங்கினார். இன்னும் ஓர் அடி. அறுவை கையிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்து அந்தக் கட்டையைத் தம்பியின் கையில் திணித்தான். வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"இது என்ன, கட்டை..." என்றபடி வாங்கினார் தம்பி. பார்வை அறுவையின் முகத்தில்தான் இருந்தது. ஆனால் கட்டையைத் திருப்பிய மறு நொடியே, பார்க்காமலே, அவருடைய கட்டைவிரல் அந்த முடியளவுக் கோட்டின் மேல் போய் நின்றது. அவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்போதுதான் போனது.

"மகளை நீங்க எடுத்துட்டு வந்தீங்க," என்றார் அண்ணி. "இது அவளோட தாய்."

மாடியில் காலடி நின்றிருந்தது. அந்த அம்மா கைப்பிடிக்கு ஓர் அடி முன்னால் நின்றார். நீட்டிய கை அதைத் தொடவில்லை. அண்ணியின் எச்சரிக்கையைக் கேட்டு நின்றவர் போலத் தெரியவில்லை. அந்த இடத்தில் நிற்பதென்று முன்பே முடிவு செய்துவிட்டு வந்தவர் போல நின்றார்.

"யாரது?" என்றார். ஒரு காலத்தில் ஊரே கேட்ட குரல். அதில் நடுக்கம் இல்லை.

"துப்பறிவாளர்ம்மா. என்கூட என் கொழுந்தன்."

"ரெண்டு பேர். நல்லதாப் போச்சு." அவர் முகத்தைத் தம்பி நின்ற பக்கம் திருப்பினார். "தம்பி, மேல வா."

"அக்கா, இவங்க என்னவோ உளறறாங்க. யாருன்னே தெரியலை. நான் போலீசைக் கூப்பிடறேன்."

"கூப்பிடலாம். முதல்ல மேல வா. நான் எப்பவும் சாயற இடத்துல வந்து நீ சாய்ஞ்சுக்கோ. அவங்க சொல்றது உளறல்னு அவங்களே பாத்துட்டுப் போகட்டும்."

தம்பி கட்டையை அறுவையிடம் திருப்பிக் கொடுத்தார். படியேறினார். கைப்பிடிப் பக்கம் போகாமல் சுவரை ஒட்டியே ஏறினார். அறுவை இரண்டு படி பின்னால் தொடர்ந்தான். அண்ணி கீழேயே நின்று போனில் இன்ஸ்பெக்டரை அழைத்தார். பேசும்போதும் கண்ணை மேலிருந்து எடுக்கவில்லை.

வராந்தாவில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள்.

"இங்கதானே?" என்று அக்கா காற்றில் கை காட்டினார். கை சரியாக அந்த இடத்தைக் காட்டியது. "சாய்ஞ்சுக்கோ."

தம்பி கையை நீட்டினார். விரல்கள் கைப்பிடியை நோக்கிப் போயின. ஒரு சாண் தூரம். நாலு விரற்கடை. அங்கேயே நின்றன. நெற்றியில் வியர்வை துளிர்த்து இமைமேல் இறங்கியது, அவர் அதைத் துடைக்கவில்லை. கை மெல்ல மடங்கி அவருடைய நெஞ்சுக்கே திரும்பி வந்தது.

சட்டை உரசுகிற அந்த மெல்லிய ஓசையிலேயே அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நேத்தே தெரியும்டா," என்றார். "தோழி வீட்டுலேர்ந்து என்னைக் கூட்டிட்டு வந்து விட்டியே, உடனே இங்க வந்து கை வெச்சேன். கோடு இருந்துச்சு."

"கோடு இருந்தா சரிதானேம்மா?" என்று கேட்டுவிட்டான் அறுவை.

"இந்த இடத்துல இருக்கக் கூடாதுப்பா. கண்ணு போன நாள்லேர்ந்து, மணி அடிக்கிறப்பல்லாம் இதே இடத்துலதான் என் கட்டைவிரலை வெச்சு நிப்பேன். இங்க மட்டும் கோடு தேய்ஞ்சு எப்பவோ வழவழனு ஆயிடுச்சு. நேத்துப் பார்த்தா திரும்ப முளைச்சு நிக்குது. மரம் எங்கயாவது வயசு குறையுமா?"

தம்பி நகக்கண்ணில் ஒட்டியிருந்த வார்னிஷைச் சுரண்டினார்.

"முதல்ல நல்லவிதமாத்தான் நினைச்சேன். பூச்சி அரிச்சிருக்கும், மாத்தியிருப்பான்னு. ஆனா ஒரு பல்பு மாத்தினாக்கூட என்கிட்ட சொல்றவன் இவன். இதை மாத்திட்டுச் சொல்லலை. சொல்லாதது மட்டும் இல்லை, எனக்குத் தெரியக் கூடாதுனு கோட்டையும் இழுத்து வெச்சிருக்கான். காலையிலேர்ந்து மூணு தடவை மணி அடிச்சுது. மூணு தடவையும் தலைவலினு படுத்துட்டேன். மூணு தடவையும் ரூமுக்கு வந்து, 'ஏன்கா எழுந்து வரலை'னு கேட்டான். என் நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டுப் போனான்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் கீழிருந்து அண்ணி.

"யார்கிட்டங்க? எது நடந்தாலும் நான் சொல்றது இவன்கிட்டதான். இவனைப் பத்தி யார்கிட்டப் போய்ச் சொல்ல?" அந்தக் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இடறியது. "வெளியாள் உள்ள வரட்டும்னு காத்திருந்தேன். அவனுக்கும் சாட்சி வேணும். எனக்கும் வேணும்."

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்தார். சலவை மடிப்பு முழங்காலில் கசங்கியது.

"அந்த டிரைவரை அடிக்கணும்னு நான் போகலை," என்றார் யாரிடமோ சொல்வது போல. "படத்துக்குச் சட்டம் போடுற கடைதான் என்னுது. இழைக்கத் தெரியும், இந்த மாதிரி இழைப்புளி செய்யத் தெரியாது. அந்த ஆள், நானும் கூட வர்றேன், நானே மாட்டறேன்னு பிடிவாதம் பிடிச்சார். எதுக்கு, ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்."

"என்னை எதுக்குடா?" என்றார் அக்கா.

"இருபது வருஷமா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறேன்கா. எனக்குப் பொண்ணு பார்த்தப்பவும் பிடிச்சுட்டு இருந்தேன், பொண்ணு வீட்டுக்காரங்க எழுந்து போனப்பவும் பிடிச்சுட்டு இருந்தேன். ஒரு நாளாவது தனியா நடக்கணும்னு..."

"கையை விட்டுடறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே விட்டிருப்பேனேடா."

அண்ணி மேலே ஏறி வந்தார். கைப்பையிலிருந்து குடையை எடுத்து, அதன் நுனியை அந்தக் கைப்பிடியில் வைத்து, ஒரு கையால் மட்டும் தள்ளினார். பெரிதாக ஒன்றும் அழுத்தவில்லை. கருத்துப் பளபளத்த மரம் காய்ந்த சுள்ளியைப்போல முறிந்தது. உள்ளே வெளிறிய பொட்டி மரம் தெரிந்தது. துண்டு கீழே போய்க் கல் தரையில் விழுந்த சத்தம் கூடம் முழுக்க எழுந்து அடங்கியது.

அதுவரை அசையாமல் இருந்த அக்காவின் முகம் அந்தச் சத்தத்துக்கு மாறியது. கண் தெரியாதவருக்கு அந்த உயரத்தை அளந்து காட்டியது அதுதான்.

அறுவை போனை எடுத்துத் தையல்காரியை அழைத்தான். "அக்கா, இழைப்புளி இருக்கிற இடம் தெரிஞ்சுடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அண்ணன் காதுல சொல்லுங்க. முழிக்கலைனாலும் பரவாயில்லை, சொல்லுங்க." மறுமுனையில் வெகு நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவனும் வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு காவலர்கள் படியேறி வந்து தம்பியை எழுப்பினார்கள். அவர் எழுந்தார். அக்காவைக் கடந்துபோகும்போது பழக்க தோஷத்தில் அவருடைய கை நீண்டு அக்காவின் முழங்கையைத் தேடியது. அக்கா முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

அவர்கள் இறங்கிப் போய்க் கதவு சாத்துகிற ஓசை கேட்கும்வரை அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மறுபக்கம் திரும்பிச் சுவரைத் தேடினார். தொட்டார். உள்ளங்கையை அதில் விரித்து வைத்து, முதல் படிக்குக் காலை இறக்கினார்.

அறுவை ஓடிப்போய்க் கை கொடுக்கப் பார்த்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

இரண்டாவது படியில் அவர் கால் தடுமாறியது. நின்றார். மூச்சு வாங்கினார். சுவரில் வைத்த கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தி, மறுபடி இறங்க ஆரம்பித்தார்.